யார் முறை

காதலி அஃப்ரின் அனுப்பிய போன் காலண்டரில் விசாலி பச்சை, நாதியா ஆரஞ்சு. சனிக்கிழமை பச்சை, ஞாயிறு ஆரஞ்சு. தீபாவளி பச்சை, பெருநாள் ஆரஞ்சு. கீழே, ‘உனக்குச் சம்மதமா? நீ சரின்னு சொல்லாம எதுவும் நடக்காது’ என்று எழுதியிருந்தாள்.

நாதியா, திருச்சியில் அஃப்ரினோடு வேலை பார்ப்பவள். அஃப்ரினுக்கு அவளைப் பிடித்துவிட்டதாம், அதற்காக விசாலியைப் பிடிக்காமல் போகவில்லையாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரைக்குடி வந்து இறங்கும்போது பதில் வேண்டுமாம்.

அஃப்ரின் அனுப்பிய கட்டுரைகள் அத்தனையையும் விசாலி வரி விடாமல் படித்தாள். ஒன்றிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஆரஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்தாள். தன்னிடம்தான் ஏதோ கோளாறோ? ஊர்ப் புத்தியோ?

கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அம்மாவின் தம்பி, அவளுடைய அம்மான் தேனப்பன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் காரைக்குடி செக்காலையில் தனியாகக் குடியிருப்பவர். தனியாக என்று சொல்வது வழக்கம். செவ்வாயும் வெள்ளியும் அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு முத்து வந்துவிடுவார். முத்துவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையும், அரியக்குடியில் மனைவி, மக்களும் உண்டு. சின்ன வயதில் விசாலி, “முத்து மாமா நமக்கு என்ன முறை?” என்று கேட்டதற்கு, “சேக்காளி முறை, பேசாமச் சாப்பிடு” என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியான வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு விசாலி அங்கே போனாள். தேனப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார்.

“என்ன ஆத்தா இது? கோயில்ல குருக்கமாரு முறை பிரிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு?”

“இங்குட்டுக் காட்டு.” சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே முத்து எட்டிப் பார்த்தார். “நீ பச்சையா? நல்ல கலர்தான்.”

“மாமா, கலரா இப்பப் பிரச்சனை?”

“பேரும் கலரும் வச்சே எல்லாத்தையும் கெடுக்குறீக” என்றார் தேனப்பன். “ஒருத்தியப் புடிச்சமா, அவளோட இருந்தமான்னு இல்ல. எங்க காலத்துல மனசுன்னா ஒரு ஆளுக்குத்தான்.”

விசாலி முத்துவைப் பார்த்தாள். முத்து மோரைப் பார்த்தார்.

“அம்மான், அரியக்குடியில சோணையம்மா அத்தை இருக்காக.”

“அது வேற.”

“என்ன வேற?”

“அது குடும்பம்.”

“அப்ப இது?”

“இதுக்குத்தான் பேரு இல்லைங்கிறேன்ல!”

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முத்து சமாதானத்துக்கு வந்தார். “சோணைக்கும் எல்லாந் தெரியும்த்தா. செவ்வா, வெள்ளின்னா அரிசியே கொறச்சுத்தான் போடுவா. இத்தனை வருசத்துல ஒரு வாய்ப்பேச்சு வந்ததில்ல.”

“அத்தைகிட்டக் கேட்டீகளா?”

“அதெல்லாம் கேக்குற விசயமா?”

“அம்மான்கிட்ட? உங்க கல்யாணத்துக்கு முன்னாடி?”

முத்து சிரித்தார். “இவன்கிட்ட என்னத்தக் கேக்க? பந்தியில நின்னு பாயசம் ஊத்துனதே இவன்தான்.”

தேனப்பன் கண்ணாடியைக் கழற்றினார். “கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்” என்றார், குழம்பில் உப்புக் குறைவு என்பதுபோல.

முத்துவின் கை இலையிலேயே நின்றது. “என்ன தேனப்பா, இப்பப் போயி?”

“இப்பத்தான காலண்டர் வந்திருக்கு. எந்தத் தீபாவளிக்குடா நீ எனக்குப் பச்சை போட்ட?”

“பேரப்பிள்ளைக வார நாளு...”

“பொங்கலு?”

“மாடு கன்னு கெடக்கு...”

“மாட்டுக்குப் பெறகுதான் நானு. கேட்டுக்க ஆத்தா!”

“விசாலி, நீயே ஞாயத்தச் சொல்லு” என்று முத்துவும் அவள் பக்கம் திரும்பினார்.

யோசனை கேட்க வந்தவள் சாயங்காலம் வரை பஞ்சாயத்துப் பண்ண வேண்டியதாயிற்று. ‘பஸ் திருமயம் தாண்டிருச்சு’ என்று அஃப்ரினிடமிருந்து செய்தி வர, போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்று, ‘உனக்குச் சம்மதமா?’ என்ற வரியை இன்னொரு முறை படித்தாள். இத்தனை நாளும் ‘சரி’ சொல்ல முடியாததற்குத் தன்னிடம் என்ன குறை என்றுதான் தேடிக்கொண்டிருந்தாள். அஃப்ரின் கேட்டிருந்தது கேள்வி; ‘வேணாம்’ என்பதும் அதற்குப் பதில்தான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அஃப்ரின் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தாள். “படிச்சியா?”

“எல்லாத்தையும். எல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்கு வேணாம்.”

“எது? காலண்டரா, நாதியாவா?”

“முறை போட்டு வார ஆளு எனக்கு வேணாம் அஃப்ரின்.”

“ஏன்னு சொல்லு. பேசுவோம்.”

“ஏன்னு தேடித்தான் ஒரு வாரம் போச்சு. கெடைக்கல. வேணாம், அவ்வளவுதான். என்னைய விட்டுட்டு அவகூட இருந்தாலும் இரு. ஆனா எனக்குச் சனிக்கெழமை மட்டும்னு குடுக்காத.”

அஃப்ரின் பை வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். “அப்ப நான் யோசிக்கணும்.”

“யோசி.”

விசாலியின் போன் அடித்தது. தேனப்பன். “ஆத்தா, அந்தக் காலண்டர் போன்ல எங்குட்டுக் கெடக்கு? எங்குட்டுக் குத்துனா கலர் வரும்?”

பின்னால் முத்துவின் குரல்: “பொங்கல் மட்டும் தாரேன்னு சொல்லு. தீபாவளி பேச்சே கெடையாது!”

விசாலி பல்லைக் கடித்துக்கொண்டு போனை அஃப்ரினிடம் நீட்டினாள். “நீதான ஆரம்பிச்சு வச்ச. நீயே சொல்லிக் குடு.”

அஃப்ரின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். “மொதல்ல என்ன கலர் வேணும்னு சொல்லுங்க மாமா” என்றாள். தோளில் மாட்டியிருந்த பையை இன்னும் இறக்கவில்லை.