நிந்தவூர்க் கோடு

தொப்பியை மல்லாக்கப் பிடித்து அதற்குள் பெற்றோலை ஊற்றிக்கொண்டிருந்தான் மக்கீன். விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடிந்து சற்று நேரம்தான். சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து கரைவலை இழுப்பவர்களின் பாட்டு காற்றில் வந்து வந்து அறுந்தது.

தொப்பி ஒரு வெள்ளைக்காரனுடையது. மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது காரை விற்றார். பின் இருக்கையில் மறந்துபோன கம்பளித் தொப்பியும் காரோடு சேர்ந்து கல்முனைக்கு வந்துவிட்டது. அதற்குள் ஊற்றினால் பெற்றோல் இறங்கிவிடும், தண்ணீர் இறங்காமல் உருண்டு திரண்டு அடியில் நிற்கும். துரை தலையில் வைத்ததை நாம் காரின் வாயில் வைக்கிறோம் என்று மக்கீன் வழக்கமாகச் சொல்லிச் சிரிப்பான். இன்று சிரிப்பு வரவில்லை. இன்று இறங்குகிற ஒவ்வொரு சொட்டும் மகள் முனவ்வறாவின் கலியாணப் பேச்சுக்குப் போகிற பெற்றோல்.

கார் அவனுடையதல்ல. மனைவி சரீபா காக்கா என்றழைக்கும் அண்ணன், வயல்காரர் கச்சிமுகம்மது போடியாருடையது. ஆனால் நிற்பது மக்கீனின் வீட்டு வளவில். அதற்கு ஒரு கதை உண்டு. இந்தக் கரையில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவான். முனவ்வறா தொட்டிலில் கிடந்தபோதே, இவள் என் மகன் ஸலாஹுதீனுக்கு என்று சொல்லிவிட்டார் போடியார். மக்கீன் மகளுக்கு வீடு கட்டத் தொடங்கியபோது ஒருநாள் வந்து பார்த்தவர், “எல்லாம் சரி. உன்ட மருமகன் வந்தா கார் எங்க நிக்கிற?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக மக்கீன் மருதமுனையிலிருந்த தன் தறிக் கொட்டிலைப் பிரித்தான். கூரை வளையும் கைமரமும் வண்டியில் ஏறி வந்தன. வீட்டுக்குப் பக்கத்தில் கார்க் கொட்டில் எழும்பியது. தறியை விட்ட மக்கீன் மச்சானின் சாரதியானான். மாப்பிள்ளைக்கு முந்திக் காருக்குப் புதுவீட்டுக் குடிபூரல் வைத்த ஆள் என்று பெற்றோல் ஷெட் ஜவுபர் ஊரெல்லாம் சொல்லிவைத்தான். மக்கீனுக்கு அது கேலியாகவே படவில்லை.

நீண்ட கறுப்புக் கார் அது. மழையில் நின்றால் குளித்துக் கரையேறிய யானை போலிருக்கும். ஊருக்குள் அதன் பெயரே ஆனைதான். குடிப்பதும் யானைக் குடி. சூயஸில் சண்டை, கப்பல்கள் சுற்றி வருகின்றன, இனிப் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வரும் என்று ரேடியோ சொன்னதிலிருந்து போடியார் பாலத்து இறக்கங்களில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருளவிடப் பழகியிருந்தார். அதற்கு முன்பே அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒருமுறை எங்கேயோ ஊற்றிய பெற்றோலில் தண்ணீர் கலந்திருந்து, கல்லாற்றுப் பாலத்தில் கார் நின்றுபோய், பட்டுச் சால்வையோடு போடியார் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. ஓடத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து ஜவுபரின் ஷெட்டைத் தவிர வேறெங்கும் மூடியைத் திறக்கமாட்டார். அதையும் மக்கீன் தொப்பியில் வடித்துத்தான் ஊற்ற வேண்டும். எந்தப் பயணமானாலும் டாங்கி வாய்வரை நிறைந்திருக்க வேண்டும்.

டாங்கியின் அளவைக் காட்டுகிற முள் துரையின் காலத்திலேயே செத்துவிட்டது. எப்போது பார்த்தாலும் அடியில் படுத்துக் கிடக்கும். அதனால் மக்கீன் பழைய தறியிலிருந்து ஒரு மெல்லிய மூங்கில் கம்பை எடுத்து அளவுகோல் செய்திருந்தான். அதில் கலன் கணக்குக் கிடையாது, ஊர்க் கணக்குத்தான். டாங்கியை நிரப்பிக்கொண்டு தெற்கே நிந்தவூர் போய்வந்தால் பெற்றோல் எதுவரை இறங்குமோ அங்கே ஒரு கோடு. அக்கரைப்பற்றுக்கு அதன் கீழே ஒரு கோடு. வடக்கே மட்டக்களப்புக்கு இன்னும் கீழே, நன்றாக ஒரு சாண் தள்ளி. கம்பியைக் காய்ச்சி அவன் சூடு வைத்தபோது பக்கத்திலிருந்து விளக்குப் பிடித்தவள் முனவ்வறா.

போடியார் வந்தார். வெள்ளைச் சாரன், கோட்டு, அத்தர் வாசனை. மக்கீன் சாவியைக் கொடுக்காமல் சற்று நின்றான்.

“நானும் வாறனே மச்சான். ஓட்டிக்கு வாறன்.”

“வேணா. வாப்பாவும் மகனும் கதைக்கிற கதை. நீ நிண்டா பொடியன் கூச்சப்படுவான். நானே ஓட்டுறன்.” அவர் ஏறி உட்கார்ந்தார். “மட்டக்களப்புக் கச்சேரியில அரசாங்க உத்தியோகம் கிடைச்சதோட அவன் பெரிய ஆள் எல்லுவா. நேர போய்ப் புடிச்சு, கலியாண நாளை முடிவு பண்ணிக்குத்தான் ஊருக்குக் கிறுகுவன்.”

“சந்தோசமான சேதியோட வாங்க.”

“இன்ஷா அல்லாஹ்.”

ஆனை பெரிய வீதிக்கு ஏறி வடக்கே திரும்பியதை மக்கீன் கண்ணால் பார்த்தான்.

அன்றைய பொழுது எப்படிப் போனதென்று அவனைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கொட்டிலில் சிந்தியிருந்த எண்ணெய்க்கு மணல் போட்டான். போட்ட மணலைக் கூட்டினான். தொப்பியை அலசி ஆணியில் மாட்டினான். சரீபா கோழி அறுக்கச் சொல்லிவிட்டு, நல்ல சேதி வந்த பிறகு அறுப்போம் என்று மறித்தாள், மறுகா அறுக்கச் சொன்னாள். முனவ்வறா கூந்தலுக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். பக்கத்துக் கொட்டிலுக்கு அவள் காரணமில்லாமல் வந்து எட்டிப் பார்த்துப் போனதை மக்கீன் கவனிக்காதவன் போலக் கவனித்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கார்ச் சத்தம் கேட்டது. வடக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மக்கீனின் முதுகுக்குப் பின்னால், தெற்கிலிருந்து வந்தது ஆனை. வயல் பக்கம் போய்விட்டு வருகிறார் போல என்று அவன் நினைத்துக்கொண்டான். நல்ல சேதி எதிர்பார்க்கிறவன் கேள்வி கேட்பதில்லை.

போடியார் கூடத்துக் கதிரையில் அமர்ந்தார். கையிலிருந்த மஸ்கற் இனிப்புப் பொதியைச் சரீபாவிடம் நீட்டினார். எண்ணெய் ஊறிய காகிதம். அவள் வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பொடியன் மாட்டன் எண்டுட்டான் தங்கச்சி.”

கதவுத் திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம். அதோடு அடங்கிவிட்டது.

“வாயால சொன்னானா காக்கா?”

“வாயாலதான். கச்சேரி மரத்துக்குக் கீழ வெச்சுக் கதைச்சன். கால்ல உழாத குறை. வளந்த புள்ள, கையப் புடிச்சு இழுத்துக்கு வரவா ஏலும்?” போடியார் தொண்டையைச் செருமினார். பிறகு, சும்மா இருந்திருக்க வேண்டியவர், மக்கீன் பக்கம் திரும்பி ஒரு சொல் கூடுதலாகச் சொன்னார். “போன அலைச்சல்தான் மிச்சம். ஆனையும் வழியெல்லாம் குடிச்சுக்கு, ஒரு சொட்டு இல்லாம வந்து நிக்கி.”

சரீபா சீலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்தாள். “காக்கா என்ன செய்வாரு” என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். “நம்மட புள்ளட நசீபு, தலையெழுத்து.”

மக்கீன் எழுந்து கொட்டிலுக்குப் போனான். எதையாவது பார்க்கவோ பிடிக்கவோ போகவில்லை. கூடத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். கார் வந்து நின்றால் மூடியைத் திறந்து கம்பை விட்டுப் பார்ப்பது அவனுடைய கைக்கு வந்த பழக்கம். மனம் வேறெங்கோ கிடந்தது. கை தன் வேலையைச் செய்தது.

கம்பு மேலே வந்தது. கிட்டத்தட்ட முழுக்க நனைந்திருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி விட்டான். ஈரம் மட்டக்களப்பைத் தாண்டி, அக்கரைப்பற்றைத் தாண்டி, நிந்தவூர்க் கோட்டில் வந்து நின்றது. ஒரு மயிரிழை மேலுமில்லை, கீழுமில்லை. பின் பெட்டியைத் திறந்தான். காலையில் தன் கையால் கட்டிவைத்த மேலதிக பெற்றோல் டின், போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது.

நிந்தவூரில் பெரிய காணிக்காரர் வீடொன்றில் படித்த மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று போன பெருநாளில் ஜவுபர் சொன்னான். யாரோ எவரோவென்று மக்கீன் சிரித்துவிட்டு வந்திருந்தான்.

“குடையை உட்டுட்டன்.” போடியார் வாசலில் நின்றார். கம்பைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துல சனமா மச்சான்?” என்று மக்கீன் கேட்டான்.

“சனம்தான்.”

“பெற்றோல் இறங்கவே இல்லயே.”

போடியார் காருக்குள் குனிந்து குடையைத் தேடினார். தேட வேண்டிய அவசியமே இல்லை, முன் இருக்கையில்தான் கிடந்தது. “அங்க ஊத்தினன்.”

“மட்டக்களப்புலயா?”

“ஓம். அங்கதான்.”

“வடிச்சா ஊத்தினீங்க?”

இருவருக்கும் நடுவே, ஆணியில், துரையின் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் மாட்டிய இடத்திலேயே உலர்ந்து விறைத்திருந்தது. போடியார் அதைப் பார்த்தார். கல்லாற்றுப் பாலத்தில் கார் தள்ளிய அன்றைக்குப் பிறகு அவருடைய முகத்தில் மக்கீன் காணாத ஒரு நிறம் ஏறி இறங்கியது.

“பொடியனுக்கிட்டக் கேட்டயா மச்சான்?” மக்கீனின் வாயிலிருந்து ‘நீங்க’ நழுவிப்போனதை அவனே கவனிக்கவில்லை. “கேட்டும் இல்ல, அவனக் கண்டும் இல்ல. அவன் மாட்டன் எண்டான் எண்டு என்ட புள்ளைக்குக் கேக்குற மாதிரிச் சொன்னயே.”

“எல்லாத்தையும் குச்சி வெச்சு அளக்கேலா மக்கீன்.” குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் இளகவில்லை. “நான் மாட்டன் எண்டு சொன்னா தங்கச்சி என்ட மூஞ்சியில முழிப்பாளா? அவன் சொன்னான் எண்டா நாலு நாள் அழுவாள். மறுகா ஆறிடும். எனக்கு இரிக்கிறது ஒரு கூடப்பொறப்புத்தான்.”

குடையை விரித்தார். வானத்தில் மழையுமில்லை, வெயிலும் சாய்ந்துவிட்டது. “நாளைக்குக் காரை எங்கட வளவுக்குக் கொண்டு வந்து உடு. இனி அங்க நிக்கட்டும்.”

நடந்தே போனார். கைமரத்தில் இன்னும் தறி கட்டிய கயிற்றின் தழும்பு தெரிந்தது. மக்கீன் அதையே அண்ணாந்து பார்த்தபடி நின்றான். உள்ளே போய் சரீபாவை அழைத்துவந்து கம்பைக் காட்டலாம். காட்டினால் அவளுக்கு இன்றோடு காக்கா இல்லை. காட்டாவிட்டால் இந்தப் பொய்க்கு அவனும் ஆணியடித்தவனாவான். கம்பைப் பார்த்தான். பெற்றோல் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிந்தவூர் வெளுத்தது, அக்கரைப்பற்று வெளுத்தது. தறியில் பிறந்த வெறும் மூங்கில்தான் கையில் மிஞ்சியது.

“வாப்பா.”

முனவ்வறா கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுகைக்கு முந்திய இடத்திலேயே நின்றுவிட்டவள் போலிருந்தாள்.

“அவர் என்ன குறை சொன்னாராம்?”

“குறையா?”

“மாமா சொல்லாம மறைக்காரு. எனக்குத் தெரியணும். நிறமா? நான் அஞ்சாம் வகுப்போட நிண்டதா?” அவள் குரல் அங்கேதான் உடைந்தது. “சொல்லுங்க வாப்பா. ஒண்டொண்டா நானே யோசிக்கிறதுக்கு, கேட்டுக்கிறது நல்லம்.”

உள்ளேயிருந்து சரீபாவின் குரல் கேட்டது, மூக்கடைத்து. “காக்கா போயிட்டாரா? ஒரு வாய் தேத்தண்ணியும் குடிக்கல்ல. கோழிக்கறி ஆக்கினத்துல கொஞ்சம் கொண்டு குடுங்க. அவரும் என்ன செய்வாரு, பாவம்.”

மக்கீன் மகளைப் பார்த்தான். கம்பை அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கினாள். கோடுகளை விரலால் தடவினாள். அவள் விளக்குப் பிடித்த கோடுகள். வாப்பாவின் கண் போன இடத்தைப் பார்த்து, திறந்து கிடந்த டாங்கி வாய்க்குள் கம்பை இறக்கினாள். அடி தட்டியது. மெல்ல மேலே எடுத்தாள்.

ஈரம் எதுவரை நிற்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். தலை நிமிர்ந்து, தெற்கே நிந்தவூருக்குப் போகிற வீதியைப் பார்த்தாள். மேல் விளிம்பிலிருந்து ஈரம் வெளுக்கத் தொடங்கியது. அது முழுக்கக் காய்வதற்குள் அவள் மறுபடியும் கம்பை உள்ளே விட்டாள்.