மீன்தொட்டிக்கு ஓர் ஓட்டை

மாடி வீட்டு மீன்தொட்டியில் யாரும் ஊற்றாமலே தண்ணீர் ஏறியது, நாளுக்கு ஒரு விரல் அளவு. அவசரப்பட்டு மொண்டால் அதே அவசரத்தில் ஏறும். முதல் வருடம் கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டே மொண்டு கொட்டினார்கள். அடுத்த வருடம் முறை வைத்து, சண்டை போட்டுக்கொண்டு. மூன்றாம் வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது, கீழே குடியிருந்த வீட்டுக்காரரின் கட்டில் நனைந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை வருவேன். ஒண்ணு தொட்டி இருக்கக் கூடாது, இல்ல நீங்க இருக்கக் கூடாது" என்றார்.

தொட்டியைத் தூக்கிப் போடவும் வழியில்லை. உள்ளேயிருந்த கிழட்டுச் சிவப்பு மீன் வேறு எந்தத் தண்ணீரில் விட்டாலும் மல்லாந்தது. வாளியில் விட்டுப் பார்த்து, மனைவி அலறியபடி திரும்பப் போட்ட பிறகுதான் செவுள் அசைந்தது. கண்ணாடியில் ஓட்டை போட்டு, ஏறும் தண்ணீரைக் குழாயில் இறக்கிவிடுவதென்று முடிவானது.

ஞாயிறன்று கண்ணாடிக் கடைக்கார அக்கா பேட்டரி டிரில்லோடு வந்தாள். சூடேற்றி இறுக்கிய கண்ணாடியில் டிரில் பட்டால் பொடிப்பொடியாகிவிடும் என்பதால் மூன்று பக்கங்களைச் சோதித்தாள்; மூன்றும் சாதாரணக் கண்ணாடி. முன்பக்கம் போடலாம் என்றாள்.

"முன்னாடியா? வர்றவன் போறவன் எல்லாம் குழாயைப் பார்க்கவா? பின்னாடி போடுங்கக்கா" என்றான் கணவன்.

"உங்க வீடு, உங்க இஷ்டம், தம்பி."

தொட்டியைச் சுவரிலிருந்து முழங்கை அளவு நகர்த்தினார்கள். பின்பக்கத்தை யாரும் சோதிக்கவில்லை. மூன்று போலத்தானே நாலாவதும். மனைவி ஸ்பாஞ்சைப் பிழிந்து நீர் விட, வைரத்தூள் பதித்த வட்ட பிளேடு மெல்லச் சுற்றியது. வெள்ளைக் குழம்பு வழிந்தது. வாசலில் வீட்டுக்காரர் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து டிரில்லின் சத்தம் கீச்சென்று மாறியது.

"கையை எடுங்கக்கா!" என்றாள் மனைவி. அதற்குள் பின்பக்கக் கண்ணாடி முழுவதும் கற்கண்டாக உதிர்ந்து தரையில் கொட்டியது. கணவன் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

தண்ணீர் கொட்டவில்லை. நாலு மூலையும் கூராக, நின்ற இடத்தில் நின்றது. மீன் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாதி வேலை கிடக்கே" என்று தண்ணீரிலேயே டிரில்லை வைத்தாள். கண்ணாடியைவிட இது சுலபமாக இருந்தது. வட்டமாக வெட்டுப்பட்ட தண்ணீர்த் துண்டை எடுத்து வாளியில் போட்டாள். ரப்பர் வளையம் வைத்து, மரையை முறுக்கி, குழாயைக் குளியலறைக்கு இழுத்தாள். சிறிது நேரத்தில் குழாய் சொட்டத் தொடங்கியது.

வீட்டுக்காரர் பின்பக்கம் விரலை விட்டு எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"குழாய்க்குச் சுவர் கலர்லயே பெயின்ட் அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

அடுத்த வருடம் மனைவி மற்ற மூன்று கண்ணாடிகளையும் கழற்றிவிட்டாள். பாசி துடைக்கும் வேலை மிச்சம்.