பிரிக்கிற வேலையும் வேலைதான்

தண்டையார்பேட்டையில் இருந்த தனியார் தபால் கம்பெனியில் சங்கமித்ரா பதினோரு வருடமாக வீடு வீடாகத் தபால் கொடுத்து வந்தாள். அங்குள்ள தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளரும் அவள்தான்.

நிர்வாகத்தோடு சங்கம் போட்ட ஒப்பந்தப்படி வேலை காலை எட்டு மணிக்குத் தொடங்கும். தெருவாரியாகத் தபால் பிரிக்கும் நேரமும் எட்டு மணி நேர வேலைக்குள் அடக்கம். புதிதாக வந்த மேனேஜர் சவரிநாதன் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: இனி ஏழு மணிக்கே வந்து பிரித்துவிட வேண்டும், எட்டிலிருந்துதான் வேலைக் கணக்கு.

"நான் அத்திப்பட்டுலேர்ந்து வர்றவன்க்கா. ஏழு மணிக்கே இங்க வந்தா, வூட்ல புள்ளைங்க மூஞ்சியப் பாக்கவே முடியாது," என்றான் உடன் தபால் கொடுக்கும் கமால்.

"நாளிக்கும் எட்டு மணிக்கே வா. எல்லாருக்கும் சொல்லிடு. நான் பேசிக்கிறேன்."

அங்கே தபால் கொடுக்கும் பத்தொன்பது பேரும் எட்டு மணிக்கே வந்தார்கள். மூன்றாம் நாள் சங்கமித்ராவுக்கு மட்டும் மெமோ வந்தது. அன்றே ஒப்பந்த நகலோடு தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். மறுவாரம் அதிகாரி யசோதரா நேரில் விசாரிக்க வந்தார்.

"இருநூறு தபால் பிரிக்க இருபது நிமிஷம் போதும் மேடம். இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் சவரிநாதன்.

சங்கமித்ரா ஒரு தபால் கட்டைத் தூக்கி அவர் மேஜையில் வைத்தாள்.

"இருநூறு கீது சார். நீங்களே பிரிங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார். பழைய எண், புது எண், ஒரே பேரில் தெருவும் சந்தும். இருபது நிமிடத்தில் முப்பத்தொன்றுதான் முடிந்தது. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

மீதியை அவள் வாங்கிக்கொண்டாள்.

"இது தெரு இல்ல சார், சந்து. இவங்க வூடு மாத்திகினு போய்ட்டாங்க. இந்தப் பெரியவருக்கு மாடி ஏறித்தான் குடுக்கணும்..."

அவள் கை நிற்கவில்லை. அவளுக்கே அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. சவரிநாதன் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார் கடைசியில். "அறிவிப்ப எடுத்துடறேன். மெமோவும் வேணாம்."

"எழுத்துல குடுங்க சார்."

யசோதரா முன்னிலையில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். தன் பெயருக்குக் கீழே 'கிளைச் செயலாளர்' என்று முழுதாக எழுதினாள் சங்கமித்ரா. பிறகு பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வீட்டில் ஜெரினா தபாலுக்காகக் காத்திருந்தாள். "இன்னாம்மா, இன்னிக்கு இவ்ளோ லேட்டு?"

"பேச்சுவார்த்தைக்கா," என்றாள் சங்கமித்ரா, தலை நிமிர்ந்து. "ஜெயிச்சிட்டோம்."