எண்ணெய்த் தலைச் சகுனம்

"பிசியான அம்மாக்களே, இலையுதிர் காலம் வந்தாச்சு! இனி இது உங்க நேரம்!" என்று செல்போனுக்குள் ஒரு பெண் சிரித்தாள். கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். மடியில் பூனை, கையில் ஆவி பறக்கும் கோப்பை, ஜன்னலுக்கு வெளியே சிவப்புச் சிவப்பாய் இலைகள். அந்தப் பூனைக்குக்கூட ஓய்வு நேரம் இருந்தது.

வீடியோவை அனுப்பியது வள்ளியம்மையின் கணவன் சிங்காரவேலு. செஞ்சி கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். கல்லாவில் உட்கார்ந்தபடி ஒற்றை விரலால் அதை அனுப்பிவிட்டு, 'நீயும் உடம்ப பாத்துக்க' என்று கீழே எழுதியிருந்தான். அடேயப்பா, என்ன கரிசனம்! அது வந்து சேர்ந்தபோது வள்ளியம்மை அவனுடைய சட்டைக் காலரைத்தான் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

செஞ்சியில் ஏதுங்க இலையுதிர் காலம்? ஊரைச் சுற்றிக் கிடப்பதெல்லாம் பாறை. பாறை எந்த மாதத்தில் எதை உதிர்க்கும்? இங்கே ஐப்பசி என்றால் மழை, காயாத துணி, மூக்கு ஒழுகும் பிள்ளைகள், தீபாவளி வியாபாரம். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற வழியில் 'சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு' பஸ்சை விட்டு இறங்கும் சொந்தக்காரர்கள், அவர்களுக்கு இட்லி. உதிர்ந்தது என்று பார்த்தால் வள்ளியம்மையின் தலைமுடி ஒன்றுதான். சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது.

இத்தனை திட்டினாலும் அந்த வீடியோவை அவள் கடைசிவரை பார்த்தாள். சூடான காபியை ரசித்துக் குடியுங்கள் என்றாள் அந்த மகராசி. சரி, அதில் என்ன செலவு என்று மறுநாள் காலையில் வள்ளியம்மையும் காபி போட்டாள். டம்ளரைத் தூக்குவதற்குள் மகன் விக்ரமனுக்கு சாக்ஸ் காணோம். அதைத் தேடிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், ஒன்றாம் வகுப்பு படிக்கும் இளவேனில் பாலைக் கொட்டிவிட்டு, தரைதான் தட்டிவிட்டது என்பதுபோல் தரையை முறைத்துக்கொண்டிருந்தாள். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. வழக்கம்போல அதை மருந்து மாதிரி மடக்கென்று விழுங்கினாள்.

அவளுக்கு வேண்டியது கம்பளியும் இல்லை, பூனையும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்து ஊறி, வெந்நீரில் நிதானமாகக் குளிக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் கதவைத் தட்டக் கூடாது. இளவேனில் பிறந்ததிலிருந்து அது அவளுக்கு வாய்க்கவே இல்லை. நினைத்தால் அழுகைதான் வந்தது.

வாய்க்காததற்குக் காரணம் சிங்காரவேலுவின் சகுனம். பூனை குறுக்கே போனால் போச்சு, ஒற்றைத் தும்மல் கேட்டால் போச்சு. அவன் கடைக்குக் கிளம்பும்போது கட்டிய பெண்டாட்டி மஞ்சள் முகத்தோடு நிறைகுடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு எதிரே வர வேண்டும். வந்தால்தான் அன்றைக்கு அண்டா விற்கும், குண்டா விற்கும். ஆகவே தினமும் காலையில் வள்ளியம்மை குடமும் கையுமாக வாசலில் ஆஜர். அவன் போன பிறகாவது குளிக்கலாமே என்பீர்கள். அதன் பிறகு மார்க்கெட், சமையல், கடைக்குச் சாப்பாடு, அவன் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழும்வரை கல்லாக் காவல். பொழுது சாய்ந்து தலைக்கு எண்ணெய் வைத்தால் சளி பிடிக்கும். கணக்கு முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை கொட்டியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். லீவு பிள்ளைகளுக்குத்தான், அம்மாவுக்கு டபுள் டியூட்டி. இரண்டும் போர்வைக்குள் உதைத்துக்கொண்டு 'அம்மா! அம்மா!' என்று ஏலம் போட்டன. சிங்காரவேலு ஷேவிங் செய்துகொண்டே, "ஃப்ரீயாதான இருக்கிற, எண்ண தேச்சிக் குளிச்சி ரெஸ்ட் எடேன். அந்த வீடியோவுல எவ்ளோ நல்லா சொல்லுது அந்தப் பொண்ணு" என்றான்.

ஃப்ரீயாம்! வள்ளியம்மைக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வந்தது வரட்டும் என்று நல்லெண்ணெயை அடுப்பில் வைத்து, இரண்டு மிளகும் நாலு அரிசியும் போட்டுப் பொரியவிட்டு, வெதுவெதுப்பாக உச்சியில் வைத்துத் தேய்த்தாள். வாசனை நெஞ்சுவரை இறங்கியது. காதோரம் வழிந்தது, நெற்றியில் வழிந்தது.

"வள்ளி! தண்ணி எட்த்துனு வா, நேரமாவுது!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

பழக்க தோஷம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே போய் எதிரே நின்றுவிட்டாள்.

"ஐயய்யோ!" சிங்காரவேலு இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். "எண்ணத் தலையோட எதிர்ல வர்றியே, அறிவிருக்குதா? இன்னிக்கி மேல்சித்தாமூர் நயினார் வூட்ல கல்யாணப் பாத்திரம் எடுக்க வராங்கன்னு தெரியுமில்ல?"

"நீங்கதான கூப்ட்டீங்க? நீங்கதான எண்ண தேய்க்கச் சொன்னீங்க?"

"நான் போனப்புறம் தேய்க்கச் சொன்னேன்! உள்ள போ! நான் கெளம்புற வரிக்கும் என் கண்ணுலயே படாத!"

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள். உள்ளே போ, வெளியே வராதே என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் யாரும் சொன்னதில்லை. கேட்கவே எவ்வளவு நன்றாக இருந்தது! குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

கெட்ட சகுனம் கண்டால் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சிங்காரவேலு உட்கார்ந்தான், குடித்தான், எழுந்தான். "வள்ளி, சாவி எங்க?"

"எட்த்துனு வரட்டுமா?"

"வேணாம் வேணாம்! நானே பாக்குறேன்!"

தேடி எடுத்து வாசலைத் தாண்டினான். குடையை மறந்து திரும்பி வந்தான். திரும்பி வந்தாலும் சகுனம் போச்சு. மறுபடி உட்கார்ந்தான். அதற்குள் இளவேனில் பசி என்று வீறிட்டாள்.

"நான் வந்து தோச ஊத்தட்டுமா?" என்று பின்கட்டிலிருந்து தேன்குரலில் கேட்டாள் வள்ளியம்மை.

"ஏம்மே, என்னை வாழவே வுடமாட்டியா? நானே ஊத்துறேன்!"

கல் சூடேறும் சத்தமும், தோசை கிழியும் சத்தமும், அவன் முணுமுணுப்பும் கேட்டன. "அம்மாவ எவனாவது கூப்ட்டீங்க, தோல உரிச்சிடுவேன்" என்று பிள்ளைகளை அதட்டினான். அவளுக்குக் கிடைத்த முதல் போலீஸ் பாதுகாப்பு அது. மகளுக்குத் தலைவாரி, கோணலாக ஒரு ரிப்பனும் கட்டினான். கடைசியில், நிறைகுடத்துக்கு நேரே தானே நடந்துபோய், அதைத் தொட்டுக் கும்பிட்டு, குடையை விரித்துக்கொண்டு ஓடினான்.

வள்ளியம்மை குளித்தாள். சீயக்காய் தேய்த்து, வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தாள். அதட்டலின் மிச்சம் இருந்ததால் பிள்ளைகள் கதவுப்பக்கமே வரவில்லை. ஏனோ அழுகை வந்தது. நன்றாக அழுதாள், வெந்நீரோடு அதுவும் போயிற்று.

மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்குப் போனால், சிங்காரவேலுவுக்கு வாயெல்லாம் பல். பாத்திரம் எடுக்க வந்த நயினார் வீட்டார் மழையில் வெளியே போக முடியாமல், அண்டாவில் ஆரம்பித்துக் குத்துவிளக்குவரை எடுத்துவிட்டார்களாம். அலமாரியில் பாதி காலி.

"யோசிச்சிப் பாத்தேன் வள்ளி. உன் எண்ணத் தலைதான் நமக்கு ராசி" என்றான். "நாளையிலருந்து தெனமும் எண்ண வெச்சிகினு, குடத்தோட எதிர்ல வந்து நில்லு."

எண்ணெய் உண்டு, குடம் உண்டு, வாசலில் நிற்பதும் உண்டு. குளிக்கிற ஒரு மணி நேரம் மட்டும் அந்த ராசியில் இல்லை! கேரியரை டொக்கென்று வைத்தாள்.

"எண்ணத் தலைய பாத்ததும் கெட்டதுன்னு ஒக்காந்தீங்களே, அது எப்டி ராசியாவும்? அதுக்கப்புறம் நீங்க இன்னா பண்ணீங்க? தோச ஊத்துனீங்க. பாப்பாவுக்குத் தல வாரினீங்க. சாவிய நீங்களே தேடினீங்க. இத்தினி வருசத்துல பண்ணாத வேல. பண்ண அன்னிக்கி யாவாரம் கொட்டுது. ராசி எதுல இருக்குதுன்னு இப்ப யோசிங்க."

சிங்காரவேலு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. காலி அலமாரியைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். தும்மலையே நம்புகிறவன் தோசையை எப்படி நம்பாமல் இருப்பான்? அந்தப் பக்கம் தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அடுக்களையிலிருந்து தோசை கருகும் வாசனை வந்தது. "வள்ளி, மாவுல உப்பு..." என்று ஆரம்பித்தான் அவன்.

"அம்மாவ கேக்காத நைனா, ராசி பூடும்!" என்று கத்தினாள் இளவேனில்.

வள்ளியம்மை காபியை எடுத்துக்கொண்டு பின்கட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. ராஜகிரிக் கோட்டை மலைமேல் மேகம் இறங்கி நின்றது. யாரும் கூப்பிடவில்லை. டம்ளரைத் தூக்கி, எப்போதும் போல மடக்கென்று ஒரு வாய் விழுங்கினாள்.

நாக்கு வெந்துபோனது. காபியை ஊதிக் குடிக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.