சிவப்புப் பொத்தான்

1

கீ... கீ... கீ...

இந்தக் கதை பிறந்தது இந்தச் சத்தத்தில்தான். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். என் அக்கா மகள் கோமுவுக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, சூடு தரும் கருவிக்கு அடியில் கிடந்தான். கருவி அலறியது. நர்ஸ் சாலோமி ஓடி வந்தாள், சத்தத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள், அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள்.

2

(‘தாமிரபரணியில் வெள்ளம் வந்த அன்று...’ என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். ஆற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

நடந்தது இது. பிள்ளையின் வயிற்றில் ஒட்டியிருந்த, சூடு பார்க்கும் ஒயர் கழன்றுவிட்டது. பிள்ளை குளிர்ந்துவிட்டான் என்று கணக்குப் போட்ட கருவி, சூட்டை ஏற்றிக்கொண்டே போனது. ஒயரைக் கவனிக்கச் சொல்லித்தான் கத்தியது. சாலோமி மறுபடி வந்து அமுக்கினாள்.

அறைக் கண்ணாடிக்கு வெளியே என்னோடு நின்ற கோமு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, பிள்ள செவந்துக்கிட்டே வாரான். அந்த அக்கா அவன ஏறிட்டுக்கூடப் பாக்காமப் போவுது.”

நான் கதவைத் தட்டி, ஆள் வந்து பார்ப்பதற்குள் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது.

3

சாலோமியை வில்லியாக்குவது சுலபம். வாரப் பத்திரிகைக்குப் பிடிக்கும்.

‘அலட்சியமே உருவான அவள், சாயம் பூசிய நகத்தால்...’

பொய். அவள் நகத்தில் சாயம் இல்லை. அந்த அறையிலிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அவள் ஒருத்திதான். அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

4

முடிவு ஒன்று: பிள்ளை பிழைக்கிறான். பத்திரிகை ஆசிரியருக்குச் சந்தோஷம்.

முடிவு இரண்டு: பிள்ளை இறக்கிறான். சாலோமிக்கு வேலை போகிறது. ஆஸ்பத்திரிக்குச் சந்தோஷம்.

இரண்டிலும் நாளைக்கு இன்னொரு கருவி கத்தும். இன்னொரு விரல் அமுக்கும். நான் இதை எழுதும்போதும் கோமு அந்தக் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறாள். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

5

“எல்லாருக்கும் பயிற்சி குடுத்தாச்சு சார்” என்றார் பெரிய டாக்டர், சுவரில் தொங்கிய, பயிற்சி அன்று எடுத்த போட்டோவைக் காட்டி. குத்துவிளக்கு, பொன்னாடை, அப்போது புதிதாய் வந்திருந்த அந்தக் கருவி, அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. ஓரத்தில் சாலோமி.

வராந்தாவில் அவளைப் பிடித்தேன்.

“பயிற்சி அன்னைக்கு என்னம்மா சொல்லித் தந்தாவ?”

அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பெரிய டாக்டர் பேசிக்கிட்டு இருந்தாவ அண்ணாச்சி. மிஷின் கத்திக்கிட்டே கெடந்துச்சு. ‘முதல்ல அந்தச் செவப்புப் பொத்தான அமுக்குங்க’ன்னாவ, அமுக்கிக் காட்டுனாவ. பெறவு சாப்பாட்டுக்கு எந்திரிச்சுட்டோம்.”