சிவப்பு பல்பு

ட்ரேயில் மிதந்த பேப்பரில் ஒன்றுமே வரவில்லை. புனேயில் ஔந்த் பக்கத்துப் பெண் ஒருத்தியின் கல்யாணப் படம் அது. இந்தக் காலத்திலும் ஃபிலிமில் எடுத்து, இருட்டறையில் கையால் பிரின்ட் போட்டுத் தா என்று கேட்கிற கிறுக்குப் பிள்ளைகள் புனேயில் இருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் எங்கள் கோந்த்வா ஃப்ளாட்டின் இரண்டாவது பாத்ரூமை நான் பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை, கமோடின் மேல் பலகை, பலகையில் மருந்து ட்ரேக்கள், பேப்பரைக் கெடுக்காத சிவப்பு பல்பு ஒன்று. ஃபிலிமைப் பெரிதாக்கிக் காட்டுகிற என்லார்ஜரின் வெளிச்சத்தில் மீட்டரை வைத்தேன், பன்னிரண்டு வினாடி என்றது. டைமரையும் பன்னிரண்டில் வைத்துப் பேப்பரில் வெளிச்சம் அடித்தேன். மருந்தில் போட்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டியும் பேப்பர் வெள்ளையாகவே கிடந்தது.

"பாழாப்போன மீட்டரு" என்று திட்டிவிட்டு இன்னொரு தாளுக்கு இரட்டிப்பு நேரம் வைத்தேன். அதுவும் வெள்ளை. நல்லதோ கெட்டதோ, படத்தை நிலைக்கவைக்கிற ஃபிக்ஸரில் முக்காமல் எந்தத் தாளையும் நான் வெளிச்சத்துக்குக் காட்டமாட்டேன். இரண்டையும் முக்கிவைத்துவிட்டு ட்யூப்லைட்டைப் போட்டேன்.

முதல் தாளில் கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜிமிக்கி முத்து ஒவ்வொன்றும் அவ்வளவு தெளிவு. இரண்டாவது தாள் வெளிச்சம் கூடிப்போய் அடுப்புக்கரி. மீட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. படமும் என் கண்ணெதிரேதான் வந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

பல்புதான் மங்கிவிட்டது, வேறொன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு என் வீட்டுக்காரர் மீரானைக் கூப்பிட்டேன். அவர் டீ கிளாஸோடு வந்தார். ட்யூப்லைட்டை அணைத்துக் கதவைச் சாத்தினேன்.

"மச்சான், இந்த பல்பு மங்கிருச்சுதானே?"

"எங்க மங்கிருச்சு? நல்லாத்தானே எரியுது." சொன்னதோடு விடாமல் ஷெல்ஃபில் இருந்த பாட்டில் லேபிளை வேறு வாசித்துக் காட்டினார். எனக்கு அங்கே ஷெல்ஃபே தெரியவில்லை. சிவப்பாக ஒரு புள்ளி, சுற்றிலும் இருட்டு.

கையை நீட்டி ஷெல்ஃபைத் தடவிப் பார்த்தேன்.

"வாப்பாவுக்கும் இப்படித்தானே மச்சான் ஆரம்பிச்சது."

என் வாப்பா அவருக்குத் தாய்மாமா. அவருக்குத் தெரியாததில்லை. அந்திநேரத்து மக்ரிப் தொழுதுவிட்டு வாப்பா சுவரைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு வருவார். மாலைக்கண் என்றார்கள். அப்புறம் பகலிலும் தடவ ஆரம்பித்தார்.

"பரம்பரையா வர்றது, சொந்தத்துல கட்டாதீங்கன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு" என்றேன்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? நாளைக்கே கண் டாக்டர்ட்ட போவோம். பயப்படாத இர்ஃபானா."

என் கண் மட்டும் என்றால் ஒரு மூச்சு அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். போன வாரம் கரன்ட் போனபோது என் மகள் ஆஃபியா மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். எட்டாவது படிக்கிற பெண். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஏசினேன். அன்றைக்கு அவளுக்கும் படி தெரியாமல் போயிருக்குமோ? யா அல்லா, என் பிள்ளைக்கு வேண்டாம்.

"ஆஃபியாவ வரச் சொல்லவா?" என்று மெல்லக் கேட்டார். அவருக்கும் அதே நினைப்புதான்.

"வேண்டாம்!"

நான் கத்தின கத்தலில் அவளே வந்து கதவைத் தட்டினாள். "உம்மா, க்யா ஹுவா, என்னாச்சு? உள்ள வரவா?"

அவர் வெளியே போய் அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். வெளிச்சத்திலிருந்து வந்தால் யாருக்கும் உடனே கண் பழகாது. டைமரில் ஐந்து நிமிடம் வைத்தேன். ஸ்கூலில் நடந்த ஏதோ சண்டையை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. டைமர் கத்தியது. இந்தத் தடவை மீட்டருக்கு மறுபேச்சுப் பேசாமல், அதே பன்னிரண்டு வினாடிக்கு ஒரு தாளை அடித்து மருந்தில் நழுவவிட்டேன். எல்லாம் கைப்பழக்கம். ட்ரேயை ஆட்டி ஆட்டி, படம் வந்திருக்கும் என்று தோன்றியபோது கேட்டேன்.

"ட்ரேல என்ன தெரியுது, சொல்லு."

ட்ரேயை இன்னொரு தரம் ஆட்டினேன்.

"ஆஃபியா?"

"ருக்கோ உம்மா, இரு, வர்றேன்."

பலகையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. ட்ரேயின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றேன். அவள் விரல்கள் பலகையைத் தடவிக்கொண்டே வந்து என் விரல்களில் முட்டி நின்றன. மருந்துக்குள் கல்யாணப் பெண் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பாள்.