ஆளுக்கொரு குவளை

சந்தையில் தேங்காய்ப்பால் பணியாரம் சுடக் கிளம்பும்போது லம்யாய் அந்தப் பச்சைக் குவளையைத் தண்ணீர் ஜாடியின் மூடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனாள். பத்து மணிக்குத் திரும்பி வந்தால் அது வாசல் கட்டைச் சுவரில், செடிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. பக்கத்து வீட்டு சரட்டின் வேலையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, அந்த மனிதரின் வழுக்கையில் தொடங்கி மனசுக்குள் வசைபாடினாள்.

அந்தச் செடிக்குத் தெருவே போய்சியான், அதாவது எட்டுத் தேவர், என்று பெயர் சொல்லும். விரல் தடிமன் தண்டு முழுக்க முள். உச்சியில் மட்டும் கொத்தாகப் பூக்கும், வெளிர் மஞ்சளில் ஓரம் சிவந்து. ஒரு கொத்தில் எட்டுப் பூ நின்றுவிட்டால் எட்டுத் தேவர்களும் வீடு தேடி வந்துவிட்டதாகக் கணக்கு. அதிர்ஷ்டம் வீட்டுக்கு வராது, தண்ணீர் ஊற்றிய கைக்குத்தான் வரும். அதனால் ஒருவர் செடிக்கு இன்னொருவர் தண்ணீர் ஊற்றுவது, அடுத்த வீட்டுக்குள் போய்ச் சோற்றுப்பானையைத் திறந்து பார்ப்பது மாதிரி. பெண்டாட்டியே ஆனாலும் இந்த விஷயத்தில் அவள் வேற்றாள்தான்.

செடி லம்யாயின் கணவன் தவினுடையது. முப்பது வருஷம் ஆற்றில் அக்கரைக்கும் இக்கரைக்கும் படகு ஓட்டியவன். பதினோரு வருஷமாக அதை வளர்க்கிறான். ஏழு பூ வரைக்கும் வந்து ஏமாற்றியிருக்கிறது, எட்டு வந்ததில்லை. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டே சரிந்து விழுந்தான். பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் செயலிழந்து போயின. இப்போதே எழுந்து நடக்கப் பழகாவிட்டால் கால் இறுகிப் போய்விடும் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் இரண்டு முறை வீட்டுக்கே வந்து சொன்னாள். அவன் சமையலறையைப் பார்த்துப் போட்ட நாற்காலியை விட்டு அசையவில்லை. கேட்டால் நாளைக்கு என்பான். அந்த நாளை ஐந்து மாதமாக வரவில்லை.

செடி காய்ந்துவிட்டால் அதைத் தனக்கு வந்த சகுனமாக எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் படுத்துவிடுவான் என்பதுதான் லம்யாயின் பயம். அதனால் தினமும் பத்து மணிக்கு அவன் கண்ணயரும் நேரம் பார்த்து, ஒரு குவளை தண்ணீரைத் திருட்டுத்தனமாக ஊற்றினாள். ஊற்றும்போது, "இது அவர் ஊத்துறதா வெச்சுக்குங்க சாமிங்களா. எனக்கு ஒண்ணும் வேணாம்," என்று முணுமுணுப்பாள். வேண்டாம் என்று அவள் சொன்னது உண்மையாகவே வேண்டாம் என்றுதான்.

அன்றைக்கும் குவளையை நிரப்பிக்கொண்டு வந்து குனிந்தவள் நின்றுவிட்டாள். தொட்டிக்குள் மஞ்சள் இலைகள் உதிர்ந்து கிடந்தன. அடித்தண்டை இரண்டு முள்ளுக்கு நடுவே தொட்டுப் பார்த்தாள். கனிந்து கறுத்த வாழைப்பழம் போல விரல் உள்ளே போயிற்று. அழுகல் நாற்றம். குவளையைப் போட்டுவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள்.

சரட் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் வீட்டிலும் இருபது போய்சியான் உண்டு.

"என்ன லம்யாய், என்னாச்சு?"

"என்னாச்சா? நீ பண்ணின வேலைதான். தெனம் காலையில வந்து எங்க குவளையால தண்ணிய ஊத்தி அழுக வெச்சிட்டியே! நடக்க முடியாத மனுசனோட அதிர்ஷ்டத்துலயா கைய வைப்ப?"

சரட்டின் காதுமடல் சிவந்துவிட்டது.

"ஊத்துனேன்தான். இல்லன்னு சொல்லல. ஆனா சாயங்காலத்துல, எங்க வீட்டு ஓஸ் பைப்பால. அவன் எந்திரிச்சு வர்ற வரைக்கும் செத்துடக் கூடாதேன்னு. காலையில ஒம்பதரை வரைக்கும் நான் கோயில்ல இருப்பேன், ஊருக்கே தெரியும். உன் குவளைய நான் கண்ணால பாத்ததுகூட இல்ல."

"சாயங்காலமா? நான் பத்து மணிக்கு ஊத்துறேனே!"

"நீயுமா ஊத்துன?"

இரண்டு பேரும் செடியைப் பார்த்தார்கள். முள்ளுச்செடி நாலு நாள் காயவிட்டு ஒரு முறை குடிப்பது. இது தினம் இரண்டு வேளை குடித்திருக்கிறது. அப்படியும் ஒரு கணக்கு இடித்தது. குவளையை யார் நகர்த்தினார்கள்?

"நாந்தான்."

உள்ளேயிருந்து நாக்குத் தடித்த குரல் வந்தது. லம்யாய் எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன நீதான்?"

"காலையில. நீ போனப்புறம்."

"எப்படிய்யா போன?"

"காலாலதான்."

நாற்காலியிலிருந்து வாசல்வரை சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கறை ஓடுவதை அவள் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். ஈரக்கசிவு என்று நினைத்து, மழைக்கு முன் வெள்ளையடிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது தோள் உரசிய தடம். ஒன்பது அடி தூரம்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தெருவுக்கே சொல்லுவ. மறுநாள் விழுந்தா அதையும் தெருவே பாக்கும். ரெண்டு தடவ விழுந்தேன். யாரும் பாக்கல, நல்லதாப் போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நான் ஊத்துனது அரைக் குவளை. அதுல பாதி தரையில. அதுக்குப் போய் ஏன் அழுகுதுன்னு ரெண்டு நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டிருக்கேன். திருட்டுக் கழுதைங்களா."

லம்யாய்க்குக் கோபம் வந்தது. சந்தோஷமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள்.

"கத்திய எடு," என்றான் தவின். "மேல்பக்கம் இன்னும் கெட்டியா இருக்கு. வெட்டி எடுத்தா பொழச்சுக்கும்."

அவள் கத்தியை எடுத்து வந்தாள். செடியை அவனிடம் கொண்டுபோகலாம் என்று தொட்டிக்கு அடியில் கை கொடுத்தவள், அப்படியே கையை உருவிக்கொண்டாள். கத்தியைக் கட்டைச் சுவர்மேல் வைத்தாள்.

"கத்தி இங்க இருக்கு," என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தாள். அவன் இடது கையை நாற்காலியில் ஊன்றி எழுந்தான். தோள் சுவரில் சாய்ந்தது. ஒன்று. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது. இரண்டு. ஐந்தாவது அடியில் முழங்கால் மடங்கிற்று. வேலி தாண்டி உள்ளே பாய்ந்த சரட்டின் சட்டையைப் பின்னாலிருந்து லம்யாய் பிடித்து இழுத்தாள்.

"விடு. அவரு வருவாரு."

வந்தான். வேர்த்து ஊற்றியது. கட்டைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையில் கத்தியை வாங்கினான். அவள் செய்தித்தாளை மடித்துச் சுற்றித் தண்டைப் பிடித்தாள். பால் பீச்சியது. "மூஞ்சியத் தள்ளு, கண்ணுல பட்டா போச்சு," என்று அதட்டினான். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! உள்ளே பழுப்பு தெரியாத இடம் வரைக்கும் நறுக்கிக்கொண்டே போய், மூன்று நல்ல துண்டுகள் தேறின. சரட் ஓடிப்போய்த் தன் மனைவியின் வெற்றிலைத் தட்டிலிருந்து, மஞ்சள் கலந்து சிவந்த சுண்ணாம்பை எடுத்து வந்தார். மறுபடி அழுகாமல் இருக்க அதை வெட்டுவாயில் பூசி நிழலில் உலர வைத்தார்கள்.

"எட்டு பூத்துச்சுன்னா அதிர்ஷ்டம் யாருக்கு?" என்றார் சரட். "மூணு பேரும்ல ஊத்தியிருக்கோம். எட்ட மூணா வகுத்தா மிச்சம் வருமேப்பா."

"மிச்சத்த ஒன் மொட்டைல நட்டுக்க," என்றான் தவின். அவன் வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது, ஆனால் நன்றாகச் சிரித்தது.

அடுத்த புதன்கிழமை, செடி நடுவதற்கு நல்ல நாள் என்பதால், மூன்று துண்டுகளையும் மணலும் தேங்காய்நாரும் கலந்த ஒரே தொட்டியில் நட்டார்கள். இனிமேல் தண்ணீர் ஊற்றுவது தான் மட்டும் என்று தவின் சத்தியம் வாங்கிக்கொண்டான். லம்யாய் சத்தியத்தைக் காப்பாற்றினாள். தண்ணீரைத் தொடவில்லை. தொட்டியை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் நகர்த்தினாள். கட்டைச் சுவரிலிருந்து வாசலுக்கு வெளியே, அங்கிருந்து வேலியோரம், அங்கிருந்து தெருமுனை மின்கம்பத்தடி.

"அங்க இருந்த வெயிலுக்கு என்ன கொறச்சல்?" என்று ஒரு தரம் கேட்டான்.

"பத்தல," என்றாள்.

மழை முடிந்த மாதத்தில் ஒரு புதன்கிழமை பணியாரச் சட்டியோடு அவள் திரும்பி வந்தபோது வீட்டில் நாற்காலி காலியாக இருந்தது. ஜாடி மூடிமேல் குவளை இல்லை. வாசலிலிருந்து சிமெண்டுத் தெருவில் தண்ணீர்ச் சொட்டுகள் கோணல்மாணலாகப் போயிருந்தன. சட்டியை இறக்கி வைக்காமலேயே அவற்றோடு நடந்தாள். மின்கம்பத்தடியில் தொட்டி மண் ஈரமாக இருந்தது. நடுத்தண்டின் உச்சியில் கடுகளவில் இரண்டு மொட்டு. குனிந்து எண்ணினாள். இரண்டுதான்.

நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். சொட்டுகள் அங்கே நிற்கவில்லை. தொட்டியைத் தாண்டி, வளைவைத் தாண்டி, அவன் படகு ஓட்டிய துறைக்கு இறங்கும் பாதையில் ஒன்றுக்குப்பின் ஒன்றாக, இன்னும் காயாமல் போய்க்கொண்டிருந்தன.